கிராஸ்ஓவர் பாடகி 'கலப்பிசைப் பாடகி' அல்ல

"கனடாவின் நாட்டுப்புறக் கலப்பிசைப் பாடகி ஷனையா ட்வெய்ன்." ஆங்கிலத்தில் 'கன்ட்ரி கிராஸ்ஓவர் பாடகி' என்பதைத் தமிழாக்கிய இந்த வரியை, அல்லது இதன் தம்பி தங்கைகளை, எத்தனை இடத்தில்தான் படிப்பது? இதில் கனடா மட்டும்தான் சரி. மற்ற இரண்டும் தப்பு.

'நாட்டுப்புற' என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நாட்டுப்புறப் பாட்டு என்றால் நமக்குத் தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி. எழுதியவர் பெயர் தெரியாமல் வாய்வழியாக வந்தவை. அமெரிக்காவின் கன்ட்ரி இசை அப்படி அல்ல. நாஷ்வில் நகரத்தில் சம்பளத்துக்கு உட்கார்ந்து பாட்டு எழுதுகிறவர்கள், பதிப்புரிமை, ஒலிப்பதிவுக் கூடம், வானொலி என்று நடக்கிற தொழில் அது. வேர் கிராமத்தில் இருக்கலாம், கடை நகரத்தில். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: அமெரிக்காவில் இசை விற்பனைப் பட்டியல் போடும் பில்போர்ட் இதழே 1940களில் இந்த இசைக்கான பட்டியலை 'ஃபோக்', அதாவது நாட்டுப்புறம், என்ற தலைப்பில்தான் போட்டது. 1949இல் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று மாற்றிக்கொண்டது. அவர்களே கைவிட்ட தலைப்பை நாம் எதற்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்? ஜாஸை ஜாஸ் என்றும் ராக்கை ராக் என்றும் எழுதுகிறவர்கள் கன்ட்ரியைக் கன்ட்ரி என்றே எழுதட்டும்.

அப்புறம் கிராஸ்ஓவர். 'கிராஸ்' லத்தீனில் சிலுவையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. சிலுவை குறுக்குக் கோடாகி, குறுக்கே போவதாகி, கடப்பதாயிற்று. 'ஓவர்' என்பது அந்தப் பக்கம். அகராதி வேலை அவ்வளவுதான். சொல்லின் உண்மையான பிழைப்பு இசைத்தட்டு வியாபாரத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் பாப், கன்ட்ரி, ரிதம் அண்ட் ப்ளூஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விற்பனைப் பட்டியல், தனித்தனி வானொலி நிலையங்கள், பெரும்பாலும் தனித்தனி ஆட்கள். கன்ட்ரி பட்டியலில் ஏறிய ஒரு தட்டை பாப் நிலையங்களும் போட ஆரம்பித்து, அது பாப் பட்டியலிலும் இடம் பிடித்தால், 'கிராஸ் ஓவர் ஆகிவிட்டது' என்பார்கள். முதலில் அது வினைச்சொல். எழுவாய் பாட்டு. பெயர்ச்சொல்லாகிப் பாடகியின் தலையில் உட்கார்ந்ததெல்லாம் பிறகு. கன்ட்ரி பாடகி பாட்ஸி க்லைன் 1957இல் பாடிய ஒரு பாட்டு கன்ட்ரியில் 2ஆம் இடம், பாப்பில் 12. 1961இல் வில்லி நெல்சன் எழுதி அவர் பாடிய 'கிரேஸி' கன்ட்ரியில் 2, பாப்பில் 9. கிராஸ்ஓவர் என்றால் இந்த இரண்டு எண்கள்தான். அது நடந்த ஒரு காரியம். இசையில் ஒரு வகை அல்ல.

இங்கேதான் கலப்பிசைக்காரர்கள் குறுக்கிடுவார்கள். பாட்ஸி க்லைனின் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி வயலின் கூட்டத்தையும் பின்னணிக் குரல்களையும் சேர்த்து, நாட்டுக் கரகரப்பைத் தேய்த்துத்தானே பாட்டுகளைப் பண்ணினார், அது கலப்பில்லையா என்பார்கள். கலப்புதான், சரி. ஆனால் அது வழி. கடந்தது விளைவு. அதே நகரத்தில் அதே மாதிரி மெருகேற்றிப் பதிவான எத்தனையோ பாட்டுகள் கன்ட்ரி பட்டியலைத் தாண்டவே இல்லை. மறுபக்கம் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷைப் பாருங்கள். 1956இல் வந்த 'ஐ வாக் தி லைன்' பாட்டில் இரண்டு கிட்டாரும் ஒரு பாஸும்தான். டிரம் கிடையாது. கிட்டார் தந்திகளுக்கு இடையில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, டிரம் தட்டுவது போன்ற சரசரப்பை வரவழைத்தார். இதில் எதை எதோடு கலந்தார்? காகிதத்தையா? அந்தப் பாட்டு கன்ட்ரியில் முதலிடம், பாப்பில் 17. கலக்காமலே கடந்தது.

இன்னொன்று, கலப்புக்குத் திசை கிடையாது. பாலும் தண்ணீரும் கலந்தபின் எது எதற்குள் போனது என்று யாரும் கேட்பதில்லை. கிராஸ்ஓவரில் திசைதான் சண்டையே. 1974இல் கன்ட்ரி இசைச் சங்கம் அந்த ஆண்டின் சிறந்த பாடகி விருதை ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குக் கொடுத்தது. இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த, பாப் பக்கத்திலிருந்து உள்ளே வந்தவர். பழைய கன்ட்ரி பாடகர்கள் கொதித்துப்போய் ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் வீட்டில் கூடித் தங்களுக்கென்று தனிச் சங்கமே ஆரம்பித்தார்கள். கன்ட்ரியிலிருந்து பாப்புக்குப் போன டாலி பார்ட்டனுக்கும் முணுமுணுப்பு கேட்டது, ஆனால் அது வேறு மாதிரி: 'எங்கள் பெண் எங்களை விட்டுப் போகிறாளே' என்கிற ரகம். 'கலப்பிசை' என்று எழுதினால் இந்த இரண்டு கோபத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

ஷனையா ட்வெய்னுக்கே வருவோம். 1997இல் வந்த அவருடைய மூன்றாவது ஆல்பம் உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்றது. பெயர் 'கம் ஆன் ஓவர்', அதாவது 'இந்தப் பக்கம் வாங்களேன்'. அழைத்தபடியே எல்லோரும் வந்தார்கள். அதிலிருந்து ஒரு பாட்டு 1998இல் கன்ட்ரியில் முதலிடமும் பாப்பில் 2ஆம் இடமும் பிடித்தது. தயாரித்தவர் அவருடைய அப்போதைய கணவர் மட் லாங்கே. ஏசி/டிசி, டெஃப் லெப்பர்ட் போன்ற ராக் குழுக்களுக்கு வேலை செய்த கை. அயல்நாட்டுப் பதிப்பில் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் அமுக்கி, பாப் வாத்தியங்களைத் தூக்கிவிட்டார்.

அதற்கு அடுத்த ஆல்பத்தில்தான் விஷயம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. 2002இல் வந்த 'அப்!' ஆல்பத்தில் 19 பாட்டுகள். அதே 19 பாட்டையும் மூன்று நிறத் தட்டுகளில் போட்டார்கள். பச்சைத் தட்டு கன்ட்ரி: பிடில், பாஞ்சோ, ஸ்டீல் கிட்டார். சிவப்பு பாப்: எலெக்ட்ரிக் கிட்டார், எந்திரத் தாளம். நீலம் 'இன்டர்நேஷனல்': இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த சைமன், டயமண்ட் டக்கல் சகோதரர்களைக் கொண்டு இந்திய வாத்தியமும் இந்தித் திரைப்பாட்டு வாசனையும் ஏற்றியது. அமெரிக்காவில் சிவப்பும் பச்சையும் ஒரே உறைக்குள் விற்றன; மற்ற நாடுகளில் பெரும்பாலும் சிவப்பும் நீலமும். குரல் ஒன்று, மெட்டு ஒன்று, வரிகள் ஒன்று. கிராஸ்ஓவர் என்றால் கலப்பது என்றால், கன்ட்ரியையும் பாப்பையும் இவ்வளவு கவனமாக இரண்டு தட்டாகப் பிரித்து வைப்பானேன்? மூன்றில் கலப்பிசை என்று கூப்பிடத் தகுந்தது நீலத் தட்டு ஒன்றுதான். அதை யாரும் அப்படி எழுதிப் பார்க்கவில்லை!

சிக்கல் எங்கே தொடங்கியது என்பது ஓரளவு புரிகிறது. கார் விளம்பரங்களில் கிராஸ்ஓவர் என்றால் பாதி கார், பாதி எஸ்யூவி. அங்கே கலப்பு பொருந்தும். அதை அப்படியே இசைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் 'கலப்பு' ஒரு சர்வரோக நிவாரணி. ஃபியூஷனா, கலப்பு. ஹைபிரிடா, கலப்பு. மிக்ஸா, அதுவும் கலப்பு. 'அவருடைய பாட்டு ஃபியூஷன் அல்ல, கிராஸ்ஓவர்' என்ற வாக்கியத்தை இவர்கள் எப்படித் தமிழாக்குவார்கள்? 'கலப்பிசை அல்ல, கலப்பிசை' என்றா? நான் தனித்தமிழுக்கு எதிரி இல்லை. தப்பான தமிழ்ச் சொல்லைவிடச் சரியான கடன்சொல் மேல் என்கிற கட்சி.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'எல்லை தாண்டிய பாடகி' என்று ஒரு நண்பர் சொன்னார். கேட்டதும் மீனவர் கைதுச் செய்திதான் ஞாபகம் வருகிறது. 'தாவல்' நல்ல சொல், ஆனால் கட்சித் தாவல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தாவினால் பழைய இடத்தில் கால் இருக்காது. கன்ட்ரியில் தொடங்கிய டெய்லர் ஸ்விஃப்ட் 2014இல் முழுக்க பாப் ஆல்பம் என்று சொல்லியே '1989'ஐ வெளியிட்டாரே, அது தாவல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் இரண்டு பட்டியலிலும் ஒரே நேரத்தில் நின்றாரே, அது கிராஸ்ஓவர்.

எனக்குப் பிடித்தது 'கடவை'. கடக்கும் வழி என்று பொருள். கடவுச்சீட்டு, கடவுச்சொல் இரண்டும் இதன் சொந்தக்காரர்கள். இலங்கையில் பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை என்று தெருவிலேயே புழங்குகிற சொல். கடவையில் போகலாம், திரும்பியும் வரலாம், திசையும் உண்டு. கடவைப் பாட்டு, கடவைப் பாடகி என்று எழுதிப் பாருங்கள். செய்தியில் வினையாகவே போட்டால் இன்னும் நல்லது: 'அந்தப் பாட்டு பாப் பட்டியலுக்கும் கடந்தது.' பிடிக்கவில்லையா, கிராஸ்ஓவர் என்றே எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக ஒரு சிக்கலான கேஸ். 2019இல் கறுப்பின ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோட்' கன்ட்ரி பட்டியலில் நுழைந்ததும், போதுமான கன்ட்ரி அம்சம் இல்லை என்று பில்போர்ட் அதைத் தூக்கிவிட்டது. அப்புறம் பொதுப் பட்டியலில் அது 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. பாஞ்சோவும் டிராப் என்கிற ஹிப்-ஹாப் தாளமும் சேர்ந்த பாட்டு. நீக்கியது நியாயமா என்ற சண்டை வேறு, அதில் நிற அரசியலும் உண்டு. சொல் கணக்கில் மட்டும் பார்த்தால், புறப்பட்ட கரையிலேயே நிற்க விடாத பாட்டைக் கடவைப் பாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கலப்பிசை என்று தாராளமாக எழுதலாம்.