பிங் போகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள்

"பிங் போகுதே, அப்புறம் நெட்வொர்க்ல என்ன பிரச்சினை?" (பிங் என்பது, இன்னொரு கணினிக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது.) இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக இதைக் கேட்டுவிட்டேன். இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு புதிய வெளியீடு. வி.பி.என் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக வேலை செய்கிறவர்களுக்கு லாகின் ஆகிறது, சின்னப் படிவங்கள் சேமிக்கின்றன. கோப்பை இணைத்தால் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. டெஸ்டிங் குழுவில் இருப்பதே இரண்டு பேர். மூன்று நாள் நிரலை வரி வரியாகத் துழாவினார்கள். நெட்வொர்க்கை யாரும் சந்தேகப்படவில்லை, பிங்தான் போகிறதே!

விண்டோஸில் சும்மா பிங் அடித்தால் அதில் போகும் தரவு 32 பைட். லினக்ஸில் 56. சாதாரண கேபிள் நெட்வொர்க்கான ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் (தரவு துண்டு துண்டாகப் போகும், அதில் ஒரு துண்டு) பொதுவாக 1500 பைட் வரை இருக்கலாம். சந்துக்குள் சைக்கிள் போனதைப் பார்த்துவிட்டு லாரியும் போகும் என்று சொன்னால் எப்படி? வி.பி.என் தன் பங்குக்குத் தலைப்புகளை (பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் முகவரி போன்ற விவரங்கள்) சேர்ப்பதால் உள்ளே இடம் குறைகிறது. கோப்பை இணைக்கும்போது போவதுபோல் பெரிய பாக்கெட் வந்தால், 'இது கொள்ளாது, சிறிதாக்கி அனுப்பு' என்று வழியில் உள்ள ரவுட்டர் ஐ.சி.எம்.பி (நெட்வொர்க் கருவிகள் பிழை, நிலை பற்றிச் சொல்லும் முறை) செய்தி அனுப்பும். இங்கே ஃபயர்வாலில் (நெட்வொர்க்கில் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று வடிகட்டும் காவல்) பிங்கை மட்டும் விட்டுவைத்து, பாதுகாப்பு என்ற பெயரில் அந்தச் செய்தியைத் தடுத்திருந்தார்கள். (இதை நான் பார்க்காத வருடமே இல்லை.) அனுப்பும் கணினிக்கு விஷயம் தெரியாது. அதே பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும்.

பாக்கெட்டைப் பிரிக்கக்கூடாது என்ற குறியோடு 1472 பைட்டில் பிங் அடித்தேன். தலைப்பு 28 பைட்டும் சேர்ந்தால் சரியாக 1500. பதில் வரவில்லை. 1300-க்குக் குறைத்தேன், வந்தது. ஆனது ஐந்து நிமிடம்.

"எங்களிடம் நெட்வொர்க் லேப் இல்லை, ஆளும் இல்லை" என்பார்கள். லேப் எதற்கு? லினக்ஸின் மையமான கெர்னலிலேயே, மோசமான இணைப்பைப் போலியாக உண்டாக்கும் நெட்எம் இருக்கிறது. மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப் போதும். ஒரே கட்டளையில் 200 மில்லி விநாடி தாமதத்தையும் 1 சதவீத பாக்கெட் இழப்பையும் நீங்களே உண்டாக்கலாம். ஒரு பக்கம் திறக்க உங்கள் மென்பொருள் சர்வரிடம் 40 தடவை, ஒன்று முடிந்து ஒன்றாகக் கேட்கிறது என்று வையுங்கள். போய்வர 1 மில்லி விநாடி ஆகும் அலுவலக நெட்வொர்க்கில் காத்திருப்பு 40 மில்லி விநாடி, கண்ணுக்கே தெரியாது. 200 ஆகும் இணைப்பில் 8 விநாடி! நெட்எம் சாதாரணமாக வெளியே போகும் திசைக்கு மட்டும்தான் வேலை செய்யும், கணக்குப் போடும்போது நினைவில் வையுங்கள். சோதனை முடிந்ததும் அதை நீக்கிவிடுங்கள். நீக்க மறந்துவிட்டு மறுநாள் 'சர்வர் மெதுவாக இருக்கிறது' என்று டிக்கெட் போடாதீர்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சோதிக்கும் பழக்கம். உலாவி, இயங்குதளம், இணைப்பு, மொழி என்று நான்கு. ஒவ்வொன்றிலும் மூன்று வகை. மொத்தம் 81 சேர்க்கைகள். இந்த நான்கில் வெவ்வேறு இரண்டிலிருந்து எந்த வகைகளை எடுத்தாலும் அவை ஒரு தடவையாவது சேர்ந்து வந்தால் போதும் என்றால் 9 சோதனைகளில் முடிந்துவிடும். பட்டியலைப் போட்டுத்தர மைக்ரோசாஃப்டின் பிக்ட் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. மூன்று விஷயங்கள் சேர்ந்தால் மட்டும் வரும் பிழை இதில் தப்பலாம். ஆகவே பணம் கைமாறும் இடங்களில் மட்டும் முழுதாகச் சோதியுங்கள். மிச்சமாகும் நேரத்தை அங்கே போடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு தடவை சிவப்பு (தோல்வி), அடுத்த தடவை பச்சை (வெற்றி) என்று ஆட்டம் காட்டும் டெஸ்டுகளை, தயவுசெய்து மறுபடி ஓட்டிப் பச்சையாக்கிவிட்டுப் போகாதீர்கள். எந்த மெஷின், எந்த இணைப்பு, எத்தனை மணி என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த வி.பி.என் சிக்கலை முடித்த பிறகு பழைய பதிவுகளைப் புரட்டினேன். வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்பே, குழுவில் ஒருவர் வீட்டிலிருந்து ஓட்டியபோது கோப்பு இணைக்கும் டெஸ்ட் இரண்டு தடவை சிவப்பாகியிருக்கிறது. அலுவலக மெஷினில் மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். பச்சை வந்ததும் விட்டுவிட்டார்கள்.