கேவியர் டப்பாவில் ஒட்டியிருக்கும் சீட்டு

துபாயில் ஒரு ஹோட்டலில், வந்திறங்கும் சரக்கைச் சரிபார்த்து உள்ளே எடுப்பது என் வேலை. இறாலும் இறைச்சியும் கை பழகிப்போனவை. நின்று நிதானமாகப் பார்த்து எடுப்பது கேவியரை மட்டும்தான். உள்ளங்கையில் அடங்கும் தகர டப்பா, உள்ளே மிளகைவிடச் சற்றே சிறிய, கருஞ்சாம்பல் நிறச் சினை, ஸ்டர்ஜன் என்ற மீனுடையது. விலையைச் சொன்னால் வீட்டில் இன்னும் நம்புவதில்லை.

போன வருடம் ஒரு பெட்டியில் நான்கு டப்பா வந்தது. மூன்றில் சீட்டு ஒழுங்காக இருந்தது. நான்காவதில் ஓரம் சுருங்கி, பிரித்து மறுபடி ஒட்டியதுபோல் தெரிந்தது. "ஈரம் பட்டிருக்கும் சார்" என்றார் டிரைவர். கிழியாமல் பிரிக்க முடியக்கூடாது என்பதுதான் அந்தச் சீட்டுக்கு விதி. திருப்பி அனுப்பிவிட்டேன். செஃப் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தச் சீட்டில் ஒரு குறியீடு இருக்கும். முதல் மூன்றெழுத்து மீனின் இனம்: எச்.யு.எஸ். என்றால் பெலுகா என்ற ஸ்டர்ஜன் வகை, பி.ஏ.இ. என்றால் சைபீரிய ஸ்டர்ஜன். அடுத்து வரும் ஒற்றை எழுத்துதான் முக்கியம். 'டபிள்யூ' என்றால் ஆற்றிலோ கடலிலோ பிடித்தது, 'சி' என்றால் பண்ணையில் பிறந்து வளர்ந்தது. அப்புறம் நாடு, சினை எடுத்த ஆண்டு, ஆலையின் பதிவு எண். 1998 முதல் எல்லா ஸ்டர்ஜன் இனங்களும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் வந்த ஏற்பாடு இது.

ஒரு மீனுக்கு ஏன் இவ்வளவு காவல்? நம்மூர் மத்தி ஒரு வருடத்துக்குள் சினைபிடித்துவிடும். பெண் பெலுகாவுக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகும் வருடா வருடம் முட்டையிடாது. நூறு வயதைத் தாண்டக்கூடிய மீன், காஸ்பியன் கடலிலும் கருங்கடலிலும் வளர்ந்து, முட்டையிட மட்டும் வோல்கா, டான்யூப் ஆறுகளில் ஏறும். கள்ள வலை விரிப்பவர் காத்திருப்பதும் அந்த நேரத்துக்குத்தான். சினையோடு இருக்கும் தாயை முட்டையிடும் முன்பே பிடித்து வயிற்றைக் கீறினால், பல வருடக் காத்திருப்பு மொத்தமும் போய்விடுகிறது.

வலைக்குத் தப்பினாலும் எதிரே அணை நிற்கிறது. வோல்காவில் வோல்கோகிராட் அணை வந்ததும் பெலுகா முட்டையிடும் இடங்களில் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. டான்யூபில் 1972இலும் 1984இலும் இரும்பு வாயில் அணைகள் குறுக்கே எழுந்தன. சால்மனைப்போலத் துள்ளி ஏறும் மீன் இல்லை இது. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் காஸ்பியன் கரையில் கண்காணிப்பு தளர்ந்தது. மீதி இருந்ததையும் அள்ளினார்கள்.

2022இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐ.யூ.சி.என். மறுபடி கணக்கெடுத்தபோது, எஞ்சியிருந்த 26 ஸ்டர்ஜன் இனங்களும் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. ஸ்டர்ஜனின் உறவான சீனத் துடுப்புமீன் அடியோடு போய்விட்டது. யாங்சி ஸ்டர்ஜன் இயற்கையில் இல்லை, வளர்ப்பில் மட்டும்.

பண்ணைச் சினை வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்பார்கள். இன்று சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் பண்ணையுடையதுதான், சீனா முன்னணியில் நிற்கிறது. ஆனால் அந்த 'சி' என்ற எழுத்துக்குப் பின்னால் ஆற்று மீனை ஒளித்து விற்கவும் முடிகிறது. டான்யூப் கரையோர நாடுகளில் வாங்கிய மாதிரிகளை மரபணுவும், மீன் எங்கே வளர்ந்தது என்று காட்டிக்கொடுக்கும் ஐசோடோப் அளவும் கொண்டு சோதித்து 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இயற்கையில் பிடித்த மீனுடையது. சிலவற்றில் ஸ்டர்ஜனே இல்லை!

"ஆற்றுச் சினையின் ருசியே தனி" என்று சொல்லும் விருந்தினர்கள் உண்டு. எதிரே வைத்தால் எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, சரி.

விடுமுறைக்குக் கிளம்பும் நண்பர்கள் ஒரு டப்பா எடுத்துப்போகலாமா என்று கேட்பார்கள். அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டுபோக சைட்டிஸ் ஒப்பந்தம் விட்டுவைத்திருப்பது ஆளுக்கு 125 கிராம் வரைதான். சில நாடுகளில் அதுவும் கூடாது. டப்பாவில் சீட்டும் இருக்க வேண்டும், மூடியோடு சேர்ந்து, பிரியாமல். வாங்கும்போதே கடைக்காரர் முன்னால் அதை நகத்தால் நெருடிப் பாருங்கள்.