ஜெனடிக்னா பரம்பரையா? மரபணுவுக்குள்ள மாட்டிக்கிட்ட ‘மரபு’

பையனுக்கு இருக்கற கோளாறப் பத்தி கோயம்புத்தூர்ல டாக்டர் "இது ஜெனடிக்மா"ன்னு சொன்னதும் பக்கத்து லைன் அக்காவுக்கு முகமே செத்துப்போச்சு. அவங்க காதுல விழுந்தது "உன் வீட்டு வழியா வந்தது"ன்னு. துணைக்குப் போன நானும் அங்க வாயத் தொறக்கல. மேட்டுப்பாளையத்துல பஸ் மாறி, குஞ்சப்பனை வளைவெல்லாம் ஏறி கோத்தகிரி வர்றதுக்குள்ள மூணு தடவ கேட்டுட்டாங்க, "எங்கப்பா வழியா, அம்மா வழியா டீச்சர்?"னு. வீட்டுல அவங்க மாமியார் (லைன்ல எல்லாருக்கும் அப்பாயி) வாசல்லயே உக்காந்திருந்தாங்க. "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படிக் கெடையாது." அவ்வளவுதான், சண்டை.

பிளஸ் டூ பசங்களுக்கு பத்து வருஷம் பயாலஜி எடுத்தவ நான். மரபணு, மரபணுன்னு போர்டுல எழுதித் தள்ளியிருக்கேன், அந்த வார்த்தை ஒரு வீட்டுக்குள்ள போனா என்ன பண்ணும்னு அன்னிக்குத்தான் பாத்தேன்.

ஜெனடிக்ஸ்ங்கற பேர பேட்சன்ங்கற இங்கிலாந்துக்காரர் 1905-ல ஒரு கடிதத்துல எழுதினாரு, ஜீன்ங்கறது 1909-ல டென்மார்க்கோட யோஹான்சன் வெச்ச பேரு. ரெண்டுக்கும் வேர் கிரேக்கம், பிறப்பு, தோற்றம்னு பொருள், குலம்ங்கற பொருளும் அதே வேர்ல கூடவே ஒட்டிக்கிட்டு வரும். நம்ம ஆளுங்க தமிழாக்கும்போது பிறப்ப விட்டுட்டு மரபப் புடிச்சுக்கிட்டாங்க. மரபுன்னா பழைய தமிழ்ல வழக்கம், இப்படித்தான் சொல்லணும்ங்கற முறை. தொல்காப்பியத்துல மரபியல்னே ஒரு இயல் இருக்கு, எந்த உயிரோட குட்டிக்கு என்ன பேருன்னு பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்றுன்னு ஆரம்பிக்கும். இப்ப காலேஜ்ல மரபியல்னா ஜெனடிக்ஸ். அதோட அணு சேந்து மரபணு. நல்ல சொல்லுதான், குறை சொல்ல மாட்டேன், ஆனா கேக்கறவங்களுக்கு தாத்தா சொத்து மாதிரி வழிவழியா வர்றதுன்னுதான் தோணும்.

இலங்கைத் தமிழ்ல இன்னும் மோசம். அப்பாயி வீட்டுக்காரர் அட்டன் பக்கம் படிச்சவரு, 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் வந்த குடும்பம், டான்டீங்கற அரசுத் தேயிலைத் தோட்டத்துல வேலை. ஜீனுக்கு அவரு ஸ்கூல்ல படிச்ச சொல்லு பரம்பரையலகு! "அதான் பேர்லயே பரம்பரைன்னு இருக்கேம்மா"ன்னு அவரும் எரியுற நெருப்புல எண்ணெய ஊத்தினாரு.

இந்த மலைல அப்படி நினைக்கறதுக்கு நியாயமும் இருக்கு. இங்க மரபணுங்கற சொல் ஜனங்ககிட்ட வந்ததே சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சுபோற நோய்) வழியா. லேமன், கட்புஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1952-ல நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்டதான் அதக் கண்டுபிடிச்சாங்க. அது அச்சு அசல் பரம்பரை, அப்பா அம்மா ரெண்டு பேரும் அந்த ஜீனச் சுமந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் 4-ல 1 பங்கு குழந்தைக்கு நோயா வர வாய்ப்பு. அங்க ஜெனடிக்கும் பரம்பரையும் ஒண்ணு. எல்லா எடத்துலயும் அப்படியில்ல, அதுலதான் குழப்பம்.

அக்கா பையனுக்கு வில்லியம்ஸ் சிண்ட்ரோம். 1961-ல நியூசிலாந்து டாக்டர் வில்லியம்ஸ் எழுதினது, சுமாரா 7,500 பேர்ல ஒருத்தருக்கு இருக்கும்னு சொல்றாங்க. ஏழாம் நம்பர் குரோமோசோம் (ஜீனுங்க வரிசையா கோத்திருக்கற இழை) ஜோடில ஒண்ணுல ஒரு சின்னத் துண்டு விட்டுப்போயிருக்கும், 25-க்கும் மேல ஜீன் அதோட போயிடும். அதுல ஒண்ணு எலாஸ்டின், ரத்தக்குழாய் ரப்பர் மாதிரி இழுத்துக்குடுக்கறதுக்கு அது வேணும், அதனாலதான் இவனுக்கு மொதல்ல இதயத்துல சத்தம் கேட்டுச்சு. டெஸ்ட் பேரு ஃபிஷ். அப்பாயி "மீனா?"ன்னாங்க. மீனெல்லாம் இல்ல, அந்த எடத்துல போய் ஒட்டற மாதிரி ஒளிர்ற சாயம் விடுவாங்க, ஜோடில ரெண்டுலயும் புள்ளி மின்னணும், இவனுக்கு ஒண்ணுல மட்டும் மின்னல.

ஆனா இந்தப் பையன் பழகுறது இருக்கே! மார்க்கெட் பஸ் ஸ்டாண்ட்ல யாரப் பாத்தாலும் ஓடிப்போய் கையப் புடிச்சுக்குவான், "சாப்டீங்களா, உங்க பேரென்ன, உங்க வீட்டுல மிக்ஸி இருக்கா?" (மிக்ஸி சத்தம்னா அவனுக்கு உயிரே போகும், காதப் பொத்திக்குவான்.) மூணு வயசு வரைக்கும் ஊரே மெச்சுச்சு, என்ன கலகலப்பான புள்ளன்னு.

இங்க இன்னொரு சொல்லப் பாக்கணும். சோஷியல் ஸ்கில்லுக்கு புத்தகத்துல சமூகத் திறன்னு போடறாங்க. நம்மூர்ல "நீங்க என்ன சமூகம்"னு கேட்டா என்ன கேக்கறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அந்தச் சொல்லக் குழந்தை மேல போடறதுல எனக்கு இஷ்டமே இல்ல. சோஷியலுக்கு வேர் லத்தீன், தோழன்னு பொருள். அதுக்கு நம்மகிட்ட ரெடியா இருக்கற சொல் பழகு. பழகுதிறன்னு சொல்லிப்பாருங்க, யாருக்கும் விளக்கவே வேணாம். பழகு, பழைய, பழக்கம் எல்லாம் ஒரே வேர், ஒருத்தரோட பழகறதுன்னா அவரோட பழசாகறது. இந்தப் பையனுக்கு வராதது சரியா அதுதான். ஆளப் புடிச்சுக்குவான், ஆனா மூணாம் நாளு கூட வெளையாட யாரும் இருக்க மாட்டாங்க, எதிராளி அலுத்துக்கறதோ மிரட்டறதோ அவனுக்குப் புரியாது. கூப்டா யாரோடயும் போயிடுவான். அக்காவுக்குத் தூக்கம் கெடறது இந்த ஒண்ணாலதான்.

இவனுக்குக் குரோமோசோம்ல விட்டுப்போன அதே துண்டு ஒண்ணு கூடுதலா இருந்தா என்னாகும் தெரியுமா? அந்தப் பசங்களுக்குப் பேச்சு லேட்டாகும், வெளியாள் முன்னாடி பயந்து ஒடுங்கிடுவாங்க, சில பேருக்கு ஆட்டிசமும் இருக்கும். ஒரே எடம், கொறஞ்சா ஒரு மாதிரி, கூடினா வேற மாதிரி. இத முதல் தடவ படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

சரி, பரம்பரையா? வில்லியம்ஸ்ல பெரும்பாலும் இல்ல. கருமுட்டையோ விந்தோ உருவாகற நேரத்துல புதுசா விழற மாற்றம், அப்பா அம்மா ரத்தத்தப் பாத்தா ரெண்டு பேருக்கும் குரோமோசோம் முழுசாத்தான் இருக்கும். ஆனா இவன் பெரியவனாகிக் குழந்தை பெத்தா அதுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, அப்ப அது பரம்பரை. ரெட் சிண்ட்ரோமும் அனேகமா புது மாற்றம்தான், நல்லாப் பேச ஆரம்பிச்ச பொண்ணு ஒண்ணு ஒன்றரை வயசுல பேச்ச இழந்துடும், காரணமான ஜீன் 1999-ல தெரிஞ்சுது. ஃப்ரஜைல் எக்ஸ்ங்கற கோளாறு நேர் எதிர், அது குடும்பத்துல தலைமுறையா வர்றது, முகத்தப் பாக்காம வெட்கப்பட்டுத் திரும்பிக்கற பசங்க. பொதுவா ஆட்டிசம்னா நூத்துக்கணக்குல ஜீனுங்க கொஞ்சம் கொஞ்சம் சேந்து வர்றது, அதுல பெத்தவங்ககிட்ட இருந்து வர்ற பங்கும் பெருசு, புதுசா விழறதும் உண்டு. எதுலயும் யாரும் வேணும்னு எடுத்துக் குடுக்கல.

அதனால நான் இப்ப இப்படித்தான் சொல்றேன்: ஜெனடிக்னா மரபணு சார்ந்தது, ஹெரிடிட்டரின்னா பரம்பரை, பிறக்கும்போதே இருக்கறது பிறவி. பிறவியும் மரபணுவும் ஒண்ணில்ல, கர்ப்பத்துல அம்மாவுக்கு ரூபெல்லாங்கற வைரஸ் காய்ச்சல் வந்தா குழந்தைக்கு வர்ற காது கோளாறும் பிறவிதான். ஆங்கிலத்துல டி நோவோன்னு லத்தீன்லயே சொல்றதுக்கு, "புதுசா விழுந்த மாற்றம்". நீளம்தான், ஆனா வீட்டுல சண்ட வராது.

இதெல்லாம் அப்பாயிகிட்ட எடுபடல. அவங்க ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே கேட்டாங்க, "அப்ப எப்படி விட்டுப்போகும், சும்மாவா?" அந்த ஊசியப் பாத்ததும்தான் எனக்கு வந்துச்சு. "அப்பாயி, ஒரே டிசைன் வரிசை மேல ஒண்ணு கீழ ஒண்ணு இருந்தா, எது வரைக்கும் போட்டோம்னு கண்ணு ஏமாந்து நடுவுல இருக்கறதையே விட்டுட மாட்டீங்களா? இல்ல, போட்டதையே இன்னொரு தடவ போட மாட்டீங்களா?" அந்தத் துண்டுக்கு ரெண்டு பக்கமும் ஏறக்கொறைய ஒரே மாதிரி டி.என்.ஏ. எழுத்து வரிசை இருக்கு, குரோமோசோம் ஜோடி சேரும்போது அதுதான் ஏமாத்துது. அப்பாயி கொஞ்ச நேரம் பேசல. பின்னிக்கிட்டு இருந்தத மடில வெச்சு கண்ணிய எண்ணினாங்க.

போன மாசம் செக்கப்புக்கு மறுபடி எறங்கினோம், இந்தத் தடவ அப்பாயியும் வந்தாங்க. பஸ்ல பக்கத்து சீட்டு அம்மா பையனப் பாத்துட்டு "குடும்பத்துல யாருக்காவது இப்படியா?"ன்னு கேட்டாங்க. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. அப்பாயிதான் சொன்னது, "பரம்பரை எல்லாம் இல்லைங்க, கண்ணி எண்ணிக்கை தப்பிப்போச்சு." அந்தம்மாவுக்கு ஒண்ணும் வெளங்கல. பையன் அதுக்குள்ள அவங்க கையப் புடிச்சுக்கிட்டு வீட்டுல மிக்ஸி இருக்கான்னு கேட்டுக்கிட்டு இருந்தான்.