குழாய் வைத்த அண்டாவின் உள்பக்கம்

போன மாதம் ஒரு டீக்கடைக்காரர் பால் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். குழாய் சொட்டுகிறதாம், டேப் சுற்றிக் கொடுத்தால் போதுமாம். வால்வைக் கழற்றி வைஸில் பிடித்துப் பிரித்தேன். உள்ளே இருக்கிற உருண்டைக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவில் பழைய பால் அடை அடையாகக் காய்ந்து, பச்சையும் பழுப்புமாக ஒட்டியிருந்தது. நாற்றத்தைச் சொல்லி மாளாது. "தினமும் கழுவுறேன்ணா" என்றார். பொய் இல்லை, அண்டாவைக் கழுவியிருக்கிறார். ஆனால் இந்த வகை வால்வை மூடும்போது உருண்டையின் துளையில் இருக்கிற பால் அங்கேயே சிறைப்பட்டுவிடும், எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அந்த இடுக்குக்குள் போகாது.

வேலூரில் எவர்சில்வர் வெல்டிங்தான் எனக்குச் சோறு போடுகிறது. ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் தொழிற்சாலை வேலையில் ஆரம்பித்து, பால், சாம்பார், பிரியாணி டேக்சா என்று வந்து நிற்கிறேன். இப்போது வீடியோ பார்த்துவிட்டு, "இந்த அண்டாவுக்கு ஒரு குழாய், ஒரு வெப்பமானி வைத்துக் கொடுங்க" என்று வருபவர்கள் அதிகம். அந்த வீடியோக்களில் பாதி, அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் போடுவது. அங்கே 1978-ல் சட்டம் திருத்தி அதை அனுமதித்தார்கள், அப்புறம் பழைய பீர் பீப்பாயின் தலையை அறுத்து அண்டாவாக்குவது பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. இங்கே 1937-ன் மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சினாலும் குற்றம்தான். அதற்கென்று யாராவது கேட்டால் செய்து தருவதில்லை. ஆனால் அவர்கள் ஓட்டை போடுகிற முறையில் நமக்கும் கற்க விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டுக் காட்பாடிக்குத் திரும்பிய ஒரு தம்பி, அங்கே பீருக்கு வைத்திருந்த குழாய் செட்டைக் கொண்டுவந்தார். இங்கே சுக்குக் காபி வியாபாரம் ஆரம்பிக்கப் போகிறாராம். வால்வு மட்டும் இங்கேயே வாங்கியது. இரண்டையும் முறுக்கினால் மூன்று நான்கு சுற்று ஜோராகப் போகிறது, அப்புறம் இறுகிவிடுகிறது. சரி, பொருந்திவிட்டது என்று தோன்றும். பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டுகூட இல்லை. கொதிக்க ஆரம்பித்ததும் மரையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக அடுப்பில் விழுந்து சுர் சுர் என்கிறது. காரணம், அவர்கள் ஊர் மரை என்.பி.டி., நம்மூர்க் கடையில் கிடைப்பது பி.எஸ்.பி. அரை இஞ்சில் இரண்டுக்கும் ஒரு இஞ்சுக்கு 14 மரைதான், அதனால்தான் முதலில் ஏமாற்றுகிறது. ஆனால் மரையின் கோணம் ஒன்றுக்கு 60 பாகை, மற்றதற்கு 55. டெஃப்லான் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் இந்தச் சண்டை தீராது. இரண்டையும் ஒரே வகையில் வாங்குவதுதான் வழி.

ஓட்டை போடுவதிலும் அவசரம் ஆகாது. அரை இஞ்சு பி.எஸ்.பி. மரையின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர். படிப்படியாகப் பெரிதாகும் ஸ்டெப் டிரில்லை, பின்னால் ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்து, மெதுவாக, எண்ணெய் விட்டு ஓட்ட வேண்டும். வேகமாக ஓட்டினால் எவர்சில்வர் சூடேறி இன்னும் கடினமாகி டிரில்லைத் தின்றுவிடும். உள்விளிம்பின் பிசிறை அரத்தால் எடுக்காவிட்டால் வாஷர் கிழியும். வாஷரும் சிலிக்கானாகத்தான் இருக்க வேண்டும். சைக்கிள் கடையில் கிடைக்கிற கறுப்பு ரப்பர் கொதிநீரில் இறுகிப்போவதோடு காபியில் வாசனையும் விடும்.

குழாயின் உலோகம்தான் எனக்குப் பெரிய கவலை. பளபளவென்று எவர்சில்வர் மாதிரியே இருக்கும், வாங்கிவந்து உள்மரையைச் சுரண்டினால் மஞ்சள் தெரியும். முலாம் பூசிய பித்தளை. கடைசலுக்கு எளிதாக இருக்கட்டும் என்று அந்தப் பித்தளையில் 2, 3 சதவீதம் காரீயம் கலப்பது வழக்கம். பாட்டி காலத்து ஈயச் சொம்பு வேறு, அது வெள்ளீயம், ரசத்துக்கு ஆகும். காரீயம் உடம்புக்கு விஷம். புளியும் மோரும் எலுமிச்சையும் சூட்டோடு சேர்ந்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ஜி.ஐ. குழாய்த் துண்டையும் உணவுப் பாத்திரத்தில் வைக்காதீர்கள், அதன் மேலிருக்கும் துத்தநாகம் புளிப்பில் கரைந்துவிடும். எவர்சில்வரிலும் ரகம் உண்டு, நல்ல ரகமான 304 என்று சொல்லி மட்டமான 202 தகட்டை விற்பவர்களும் உண்டு. காந்தம் வைத்துப் பார்க்கிறார்கள், இரண்டிலுமே அது ஒட்டாது. பழைய இரும்புக் கடைகளில் சொட்டு மருந்தும் பேட்டரியும் வைத்து நிறம் மாறுவதைப் பார்ப்பார்கள், அந்தச் சோதனை பரவாயில்லை.

வெல்டிங் வேண்டும் என்கிறவர்கள் உள்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். வெளியே மீன் செதில் மாதிரி அழகாக வரி விழுந்திருக்கும். உள்ளே விரலை விட்டால் கரகரவென்று கருஞ்சர்க்கரை போல இருந்தால், பின்பக்கம் ஆர்கான் வாயு விடாமல் பற்றவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சொரசொரப்பில் உணவு தங்கும், துருவும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

பழைய டிரம் கொண்டுவருபவர்களை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன். ராணிப்பேட்டைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்பார்கள். உள்ளே என்ன ரசாயனம் இருந்தது என்று விற்பவனுக்கே தெரியாது. மூடிய டிரம்மில் ஆவி மிச்சமிருந்தால் கிரைண்டர் பொறி பட்டதும் வெடிக்கும், வெட்டுகிறவன் நான்தானே.

கடைசியாக மூடி. ஆவி வீணாகிறது என்று கிளாம்ப் வைத்து இறுக்கச் சொல்கிறார்கள். 40 சென்டிமீட்டர் அகல மூடியில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 100 கிராம் அழுத்தம் ஏறினாலே மொத்தம் 125 கிலோ கணக்கில் மேலே தள்ளும். இது குக்கர் இல்லை, இதற்கு வெயிட் வால்வும் இல்லை. மூடி சும்மா உட்கார்ந்திருக்கட்டும், ஆவி போக ஓட்டை இருக்கட்டும்.

டீக்கடைக்காரருக்கு மூன்று துண்டாகக் கழற்றுகிற எவர்சில்வர் வால்வு போட்டு, கூடவே ஒரு ஸ்பேனரும் கொடுத்து, கழற்றி மாட்டுவதை இரண்டு தடவை அவர் கையாலேயே செய்ய வைத்தேன். விலையைக் கேட்டு முகம் சுளித்தார். பழைய வால்வைப் பிரித்தபடியே அவர் முன்னால் நகர்த்தி வைத்தேன். பேசாமல் பணத்தை எண்ணினார். அது இன்னும் பட்டறை ஜன்னலில்தான் இருக்கிறது, அடுத்து முகம் சுளிப்பவருக்காக.