ரைட் எடுக்கும் வண்டி எங்கே நிற்கும்?

திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் மாலை நேர நெரிசலில் மாட்டியவர்கள், "ரோட்டை அகலமாக்கினால் சரியாகிவிடும்" என்பார்கள். சந்திப்புகளை வடிவமைக்கும் வேலையில் இருப்பதால் எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். அதனால் வலப்பக்கம் திரும்புகிற வண்டிதான் எதிரே வருகிறவர்களைக் குறுக்கே வெட்ட வேண்டும். அது காத்து நிற்கத் தனி இடம் இல்லையென்றால், பச்சை விழுந்தும் பின்னால் நேராகப் போக வேண்டியவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். திருப்பத் தடம் என்பது அந்தக் காத்திருப்புக்கான இடம். அகலம் மூன்று, மூன்றரை மீட்டர் போதும். சிக்கல் பெரும்பாலும் நீளத்தில்தான்.

ஒரு கணக்கு. சிக்னல் சுற்று (ஒரு பச்சை தொடங்கி அடுத்த பச்சை தொடங்கும் வரை) 120 விநாடி, அதாவது மணிக்கு 30 சுற்று. மணிக்கு 240 கார்கள் ரைட் எடுத்தால் சுற்றுக்குச் சராசரி 8. ஆனால் சராசரிக்குத் தடம் போட்டால் பல சுற்றுகளில் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குறைந்தது ஒன்றரை மடங்காவது வேண்டும்: 12 கார்கள், காருக்கு இடைவெளி சேர்த்து ஏழு மீட்டர், மொத்தம் 84 மீட்டர். இரண்டு பேருந்து வந்தால் அதுவும் பற்றாது. நடுவே மீடியனை உடைத்து முப்பது மீட்டருக்குக் கோடு போட்டுவிட்டு 'தடம் அமைத்தாயிற்று' என்பதில் என்ன பயன்?

அந்த 240 எங்கிருந்து வருகிறது என்பதுதான் இன்னும் பெரிய கேள்வி. நிறுத்தக் கோட்டைத் தாண்டிய வண்டிகளை மட்டும் எண்ணினால், அது சிக்னல் விட்டு அனுப்பிய எண்ணிக்கை. ரைட் எடுக்க வந்தும் முடியாமல் அடுத்த பச்சைக்குத் தங்கியவர்கள் அதில் இல்லை. பச்சை முடியும்போது மிச்சம் நிற்கும் வரிசையையும் எண்ண வேண்டும். ஆனித் தேரோட்டத்தன்று எண்ணினால் ஒரு கணக்கு, பள்ளி விடுமுறையில் எண்ணினால் வேறு கணக்கு. இரண்டுமே சாதாரண நாளைக் காட்டாது. அப்புறம் பைக்குகள். அவை வரிசையில் நிற்பதில்லை, இடுக்கில் புகுந்து முன்னால் வந்துவிடும். காரோடு ஒன்றாக எண்ணினால் நீளம் வீணாகும், விட்டுவிட்டால் முன்பகுதி அடைபடும்.

ஃப்ரீ லெஃப்ட், அதாவது சிக்னலுக்கு நிற்காமல் இடப்பக்கம் திரும்பும் வழி, பற்றி ஒரே வார்த்தை: அதன் வாயில் ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றினால் தடம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கிறவர்கள் 'நெரிசல்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, பச்சை முடிந்தபோது ரைட் எடுக்க நின்ற வரிசையின் வால் எந்தக் கடை வாசல் வரை என்று எழுதி, ஒரு போட்டோவும் சேருங்கள்.