ரப்பர் பால் சேர்ந்தால் பிளாஸ்டிக் ஏன் எளிதில் உடைவதில்லை?

மக்காச்சோள மாவுச்சத்தையோ கரும்புச் சர்க்கரையையோ நொதிக்கவைத்துக் கிடைக்கும் லாக்டிக் அமிலத்திலிருந்து உருவாகும் பாலிலாக்டிக் அமிலம், விறைப்பும் பளபளப்பும் கொண்ட நல்ல பிளாஸ்டிக். ஆனால் இழுத்தால், தன் நீளத்தில் ஏறக்குறைய 5 சதவீதம் நீள்வதற்குள் முறிந்துவிடுகிறது. சுமார் 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் உறைந்துபோய்க் கண்ணாடி நிலையில் இருப்பதே காரணம். அடி விழும் கணத்தில் அவை நகர்ந்து விசையைப் பகிர்ந்துகொள்ள இயலாததால், விசை முழுவதும் ஏதோ ஒரு நுண்கீறலின் முனையில் குவிந்து, அக்கீறல் தடையின்றி ஓடிவிடுகிறது.

இதில் ரப்பர் துகள்களைக் கலந்தால் அவை மெத்தைபோல அடியை வாங்கிக்கொள்ளும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ரப்பர் தானே ஏற்கும் ஆற்றல் சிறிது. ஒரு மைக்ரோமீட்டர் அளவிலான அத்துகள்கள் ஒவ்வொன்றைச் சுற்றியும் விசை குவிவதால், ஓரிடத்தில் பாய வேண்டிய சிதைவு எண்ணற்ற இடங்களில் சிறிது சிறிதாக நிகழ்கிறது. இழுவிசை மிகும்போது துகளின் உள்ளே நுண்குழி திறக்கிறது. அதனால் இறுக்கம் தளர்ந்து, துகள்களுக்கு இடையிலுள்ள பிளாஸ்டிக் முறியாமல் இழுபட்டு நீள்கிறது. ஆற்றலின் பெரும்பகுதி செலவாவது அந்த நீட்சியில்தான். ரப்பர் கலந்த பாலிஸ்டைரீன் துண்டு ஒன்றை வளைத்தால் மடிப்பு வெண்மையாவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். உள்ளே பிறந்த நுண்வெடிப்புகள் ஒளியைச் சிதறடிப்பதன் அடையாளம் அது.

ஆயினும், மரத்திலிருந்து வடிந்த ரப்பரை அப்படியே கலப்பதில் பயன் குறைவு. இயற்கை ரப்பர் வெறும் ஹைட்ரோகார்பன். பாலிலாக்டிக் அமிலமோ மின்முனைவுள்ள, அதாவது மின்னூட்டம் ஒருபுறம் சாய்ந்த, எஸ்டர் எனும் ஆக்சிஜன் கொண்ட தொகுதிகள் நிறைந்தது. எண்ணெயும் நீரும்போல இரண்டும் விலகுவதால், ரப்பர் பெரிய துளிகளாகத் திரண்டு, விசை பட்டதும் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கிலிருந்து கழன்றுவிடுகிறது.

எனவே குமரி மாவட்டத் தோட்டங்களில் வெட்டி இறக்குவது போன்ற ரப்பர் பாலை, பாலாக இருக்கும் நிலையிலேயே ஃபார்மிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து வினைபுரியச் செய்கிறார்கள். அவை இரண்டும் சேர்ந்து உருவாக்கும் பெர்ஃபார்மிக் அமிலம், ரப்பர் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளில் ஆக்சிஜனைப் பொருத்தி, இரு கார்பன்களும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த எபாக்சி வளையங்களை அமைக்கிறது. கரைப்பான் எதுவுமின்றி நீரிலேயே இவ்வளவு நுட்பமான மாற்றம் நடப்பதை இம்முறையின் தனிச்சிறப்பென்றே கருதுகிறேன். உருக்கிக் கலக்கும்போது இவ்வளையங்கள் பிளாஸ்டிக் சங்கிலிகளின் முனைகளோடு பிணைவதால் துளிகள் சிறிதாகின்றன, எல்லையும் வலுப்படுகிறது.

வளையங்கள் மிகுந்தால் வேறொரு விலை கொடுக்க வேண்டும். சுழியத்துக்குக் கீழே சுமார் 70 டிகிரியில் விறைக்கும் இயற்கை ரப்பரின் அந்த வெப்பநிலை, எபாக்சியாகும் ஒவ்வொரு மோல் சதவீதத்துக்கும் (சங்கிலியின் நூறு அலகுகளில் ஒன்றுக்கு) ஏறக்குறைய 1 டிகிரி உயர்கிறது. 50 மோல் சதவீதத்தில் அது சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியை நெருங்கிவிடுவதால், கடுங்குளிரில் ரப்பர் துகளே விறைத்துப் பயனற்றுப்போகும். ரப்பரின் அளவு கூடக்கூடப் பிளாஸ்டிக்கின் விறைப்பும் குறைகிறது. இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்களும் வேறுபடுவதால் அதன் தெளிவும் மங்குகிறது.