மானிட்டரை அணைத்தாலும் மீட்டர் ஓடும்

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. "தம்பி, ஈ.பி. மீட்டர்ல ஏதோ கோளாறு" என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டார். இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஓடும் வீட்டில் இந்த முறை 550. மீட்டர் சரியாகத்தான் இருந்தது. பரணில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பைச் சர்வராக்கி (வீட்டு மொபைல்கள் கேட்டதைக் கொடுக்க 24 மணி நேரமும் ஓடும் கம்ப்யூட்டர்), விளம்பரத் தடுப்புக்கும் குடும்பப் போட்டோக்களுக்கும் என்று டிவிக்குக் கீழே வைத்துவிட்டு மகன் பெங்களூரு போய்விட்டார்.

"அதுலதான் மானிட்டரே இல்லையே, சும்மாதானே கிடக்கு?" என்றார் ஐயா.

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மானிட்டர் வேறு, கம்ப்யூட்டர் வேறு. திரை இல்லாவிட்டாலும் மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, ஃபேன் எல்லாமே விழித்திருக்கும். தூங்க வைக்கவும் முடியாது. தூங்கினால் மொபைல் போட்டோ கேட்கும்போது யார் பதில் சொல்வது? பிளக்கில் வாட் மீட்டரைச் செருகிக் காட்டினேன்: வேலையே இல்லாதபோது 90 வாட். ஒரு நாளைக்கு 2.16 யூனிட், 60 நாளில் ஏறக்குறைய 130. அதோடு இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாப் யூனிட்டுகளுக்கும் விலை கூடும். பரணில் இருந்து இறக்கிய கம்ப்யூட்டர் இலவசம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

பழையது என்பதற்காக நான் எதிர்க்கவில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் கையடக்க மினி பிசி பெரும்பாலும் 10, 15 வாட்டில் அடங்கிவிடும். புதிதாக வாங்குவதென்றால் இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி போதும். பெட்டியில் போட்டிருக்கும் 6 வாட் என்பது சிப்புக்கு மட்டுமான கணக்கு. சுவரில் அளந்தால் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். 10 வாட் என்றே வைத்தாலும் 60 நாளுக்கு 14 யூனிட்தான்.

விளம்பரத் தடுப்புக்கு மட்டும் என்றால் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் தாராளம். போட்டோ சர்வராகவும் வேண்டுமென்றால் பை 4 அல்லது 5 வாங்குங்கள். பை 3-இல் நெட்வொர்க்குக்கு முழு கிகாபிட் வேகம் கிடைக்காது. எஸ்டி கார்டை நம்பி ஓட்டாதீர்கள். நம் ஊர் கரண்ட் கட்டில் கார்டு கெட்டுப்போய் என்னிடம் வந்தவை நிறைய. எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள், சின்ன யுபிஎஸ் வையுங்கள்.

ரவுட்டராகவே பயன்படுத்தப் போகிறீர்களா? போர்டிலேயே நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் போர்ட் இரண்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். யுஎஸ்பி லேன் அடாப்டர் பாதியில் துண்டித்துக்கொண்டு என் எத்தனையோ இரவுகளைத் தின்றிருக்கிறது.

அப்புறம், ஃபேன் இல்லாத பெட்டியை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் திணறிப்போகும். கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் வசதியை பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்) போட்டுவிடுங்கள். பெங்களூரில் இருக்கும் மகன் ஒவ்வொரு முறையும் வந்து பட்டனை அழுத்த முடியாது.